நாற்பது நாள் கத்தி

எங்கள் மருதமுனையில் நண்பகலைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவையில்லை. தறிகள் ஓய்ந்துவிடும். காலையிலிருந்து நாலு வளவுகளிலும் அடித்துக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும். கடைசித் தறியும் நின்ற பிறகு பாங்கு சொல்லும்வரை ஊரில் ஒன்றுமே கேட்காது. அந்த நேரத்தை நாங்கள் உருமம் என்போம். உருமத்தில் பெண்கள் கிணற்றடிக்குப் போவதில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை உருமத்தில் கண் விழித்தேன். ‘டக்’ என்று ஏதோ கேட்டுத்தான் விழித்தேன் என்று நினைக்கிறேன். வெயிலுக்குக் கூரைத் தகரமும் அப்படிச் சத்தம் போடும், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். பிறந்து பதினொரு நாளான என் மகன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். வாசல் கதவை வெளியே கொளுக்கி போட்டுவிட்டுப் போயிருந்தார்.

தலையணைக்குக் கீழே நான் மடித்து வைத்திருந்த கத்தி, பிள்ளையின் கால்மாட்டில் பாய்மேல் கிடந்தது. முழுதாக விரிந்து கிடந்தது. அலகு வாசலைப் பார்த்தபடி இருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் சூறாவளியைப் பற்றி எழுதும்போது, “அடுத்த வருடம் என் இடுப்பில் கத்தி இருந்தது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். டீச்சருக்கு எதற்குக் கத்தி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெட்ட அல்ல. சொல்கிறேன்.

பெற்றவளுக்கு இரும்பு

பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் உடம்பில் இரும்பு வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். படுத்தால் தலைமாட்டில், எழுந்தால் இடுப்பில், வெளியே போனால் கையில். பச்சை உடம்பையும் பச்சைப் பிள்ளையையும் தேடி எதுவும் வரக்கூடாது என்பதற்காக.

இது மார்க்கத்தில் இல்லை, குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதினால் போதும் என்று மௌலவிமார் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். ஆயத்துல் குர்ஸியும் ஓதுவார்கள், இரும்பையும் விடமாட்டார்கள்.

நான் பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்தவள். விஞ்ஞானம் படிப்பித்தவள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனாலும் முதல் பிள்ளை பிறந்தபோது உம்மாவின் பாக்குவெட்டி என் இடுப்பில்தான் இருந்தது. உம்மா அப்போது உயிரோடில்லை. என்னை வளர்த்ததும், பிறகு எனக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததும் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா, என் ராத்தா. பிள்ளை இல்லாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தவர். அவர் சொல்லி நான் மறுத்ததில்லை.

அந்தப் பாக்குவெட்டி ஒரு குட்டி அம்மி மாதிரிக் கனக்கும். கொய்யகத்தில் சொருகினால் சாரியோடு சேர்ந்து இறங்கும். குனிந்தால் விழும். பெற்ற வயிற்றில் அதன் பிடி குத்தும். நான் திட்டிக்கொண்டேதான் சுமந்தேன்.

முதல் பிள்ளை பெண். பதினாறாம் நாள் காய்ச்சல் வந்தது. அன்று உருமத்தில் நான் தூங்கி எழுந்தபோது தலைமாட்டில் பாக்குவெட்டி இல்லை. எங்கும் தேடினோம். கொஞ்ச நேரத்தில் ராத்தா அதைக் கொண்டுவந்தார்.

“இந்தா புள்ள. கிணத்துக் கட்டுல கிடந்திச்சு. நீதான் வெச்சிட்டு வந்திரிக்காய்.”

வெட்டுகிற சாமானைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், மற்றவர் எடுப்பார். அன்று ராத்தா அதைக் கீழே வைக்காமல் என் கையிலேயே தந்தார். அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பதினெட்டாம் நாள் பிள்ளை மௌத்தாகிவிட்டது. கொப்பூழ் வழியாகக் கிருமி போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. “இரும்பக் கைவிட்டுட்டா” என்று மற்ற அறையில் யாரோ சொன்னது மட்டும் கேட்டது. யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் கிணற்றுக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு காட்சி வரும். என் இடது கை இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை உருவி, வாளிக்குப் பக்கத்தில் ஈரக் கல்லின் மேல் வைக்கிறது. கல்லின் பாசியும் தெரியும், பாக்குவெட்டியின் வாய் திறந்திருப்பதும் தெரியும். கிருமியால் போன பிள்ளை என்று விஞ்ஞான டீச்சர் சொல்வாள். நீதான் வைத்துவிட்டு வந்தாய் என்று அந்தக் கை சொல்லும்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம்

சூறாவளி வந்து போனது. தென்னைகளெல்லாம் தலை முறிந்து வட்டில்லாமல் நின்ற அந்த அடுத்த வருடத்தில் நான் மறுபடியும் பிள்ளைத்தாச்சி ஆனேன். ஏழாம் மாதம் அவரிடம் சொன்னேன்:

“இந்தமுறை எனக்குப் பாக்குவெட்டி வேணாம். ஒரு மடக்குக் கத்தி வேணும்.”

அவர் எங்கள் தறிகளில் நெய்கிற சாறன்களின் வியாபாரி. கிழமைக்கு ஒரு தடவை சாறன் கட்டுகளோடு பொத்துவில்வரை போய் வருவார். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனிதர். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“டீச்சருக்கு ஜின்னில நம்பிக்கை இல்லையே?”

“இல்ல. எனக்கு என்னிலதான் நம்பிக்கை இல்ல.”

அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எனக்கு வேண்டியது லேசான கத்தி. நாற்பது நாளும் இடுப்பில் இருந்தாலும் பாரம் தெரியக்கூடாது. மடிக்க வேண்டும், பிள்ளையின் பக்கத்தில் கிடக்கிற சாமான். வில் இறுக்கமாக இருக்க வேண்டும், தானாகத் திறக்கக்கூடாது. உறுதியாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் நாணல்போல் வளைகிற கத்தியை வைத்துக்கொண்டு எதைத் தடுப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பாக இருக்க வேண்டும்.

அது வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம். அவர் கல்முனையிலிருந்து முதலில் கொண்டுவந்தது சிவப்புப் பிடி வைத்த கத்தி. அதில் எட்டு உறுப்பு இருந்தது. கத்தரிக்கோல், அரம், கரண்டி, சுருள் சுருளாக ஒரு கம்பி.

“இது என்னத்துக்கு?”

“போத்தல் திறக்க.”

“என்ன போத்தல்?”

அவர் ராத்தா நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, “வினாகிரிப் போத்தல் எண்டு வெச்சிக்க” என்றார். சாராயப் போத்தல் திறக்கிற கம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் ஓத முடியாது. கனமும் அரைப் பாக்குவெட்டி இருந்தது. திரும்பிப் போனது.

அடுத்தது மீன் வடிவத்தில் ஒன்று. பிளாஸ்டிக் செதில், கண்ணுக்குச் சிவப்புக் கல். தூக்கினால் இருப்பதே தெரியாது. மாங்காயில் வைத்து அழுத்தினேன், அலகு வளைந்தது, மாங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மெல்லியது, பளபளப்பானது, வளையவுமில்லை. ராத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இரும்பு இல்ல புள்ள. இரும்பு இப்பிடி மினுங்காது.”

சூறாவளியில் நனைந்து செத்துப்போன ரேடியோ ஒன்று வீட்டில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிரித்து, ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்து வந்து அலகில் வைத்தார். ஒட்டவில்லை. கீழே விழுந்தது. வகுப்பில் எத்தனை தடவை காந்தப் பாடம் நடத்தியிருப்பேன்! ஷைத்தானுக்காக அதை வீட்டில் செய்து பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மூன்று பேரும் அந்தக் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். லேசானது உறுதியில்லை, உறுதியானது லேசில்லை, இரண்டும் சேர்ந்தால் இரும்பில்லை. கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு நானே கல்முனைக்குப் போனேன்.

“நீங்களுமா?”

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் பூட்டும் குடையும் திருத்துகிற ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பூட்டுக் காக்கா. எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். பழைய கத்திகளும் அவரிடம் இருக்கும். அவர் முன்னால் இருந்த மரப்பெட்டியின் மேல் நாலைந்தை வைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. எனக்கு இடக்கைப் பழக்கம். மடக்குக் கத்தியின் அலகில் நகம் வைத்து இழுக்க ஒரு குழி இருக்குமல்லவா, அது வலக்கைக்காரருக்கென்று ஒரு பக்கத்தில்தான் வெட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் நான் கோணி நின்று திறப்பதை அவர் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

“நாப்பதுக்கா?”

“ஓம் காக்கா.”

“கொஞ்சம் நில்லுங்க.”

பெட்டிக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு கத்தி. எலும்புப் பிடி. விரல் நீளம்தான். அதைப் பெட்டியின் மேல் வைத்தார், நான் எடுத்தேன். இடது கையின் பெருவிரல் நகம் தேடாமலே குழியில் போய் விழுந்தது. இழுத்தேன். ‘டக்’ என்று திறந்தது. கறுத்த, மங்கிய, நல்ல இரும்பு. வில் அத்தனை இறுக்கம். கையில் வைத்தால் ஒரு முட்டையின் பாரம்கூட இல்லை.

“நீங்களும் இடக்கையா?” என்றார் பூட்டுக் காக்கா.

“வேற ஆரு?” என்று அவர் கேட்டார், என் வீட்டுக்காரர்.

“சூறாவளிக்கு மூணு நாலு நாளைக்கு முந்தி ஒரு புள்ளத்தாச்சி கொண்டாந்து தந்தா. வில்லு தளர்ந்து போச்சு, இறுக்கித் தாங்க, புள்ள பொறந்தா இடுப்புல வைக்கணும் எண்டா. தனக்கு இடக்கை, நகக் குழிய மத்தப் பக்கமும் வெட்டித் தாங்க எண்டா. வெட்டினன். வலக்கைக் குழி தேஞ்சு போச்சு, இப்ப இடக்கைக்குத்தான் சரி.”

“எந்த ஊர்?”

“பெரியநீலாவணைப் பக்கம் எண்டா. பேர நான் கேக்கல்ல. அடுத்த கிழமை வாறன் எண்டவ. மறுகா வரல்ல.”

அந்தக் கரையில் சூறாவளி என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். கடலுக்கும் றோட்டுக்கும் நடுவில் நின்ற தென்னைகளை நினைத்துக்கொண்டேன்.

“இது அமானிதம், நம்பித் தந்த சாமான்” என்றார் பூட்டுக் காக்கா. “விக்கமாட்டன். நாப்பது முடியக் கொண்டாந்து தாங்க. அவ வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்.”

வேறு யாருடையதோ ஒன்றை, அதுவும் அப்படிப்பட்ட ஒன்றை, எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் என் கை ஏற்கெனவே அதை மடித்து மடிக்குள் வைத்துவிட்டிருந்தது. நடந்து பார்த்தேன். இருப்பதே தெரியவில்லை. அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் பெரியநீலாவணைக்குப் போய் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தும் பார்த்தார். பேர் தெரியாத ஒருத்தியை எப்படி விசாரிப்பது? அந்த வருடம் வராமல் போனவர்கள் பலர்.

மூன்று உருமங்கள்

மகன் கல்முனை ஆஸ்பத்திரியில் பிறந்தான். நல்ல சத்தமாக அழுதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கத்தி என்னோடு இருந்தது. ராத்தா மருந்துச் சரக்கு அரைத்துத் தருவார், வெந்நீர் வைத்துத் தருவார், கத்தியைப் பார்ப்பார்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் கத்தியை மடித்து மறுபடி தலையணைக்குக் கீழே வைத்தேன். உள்ளே ஆளில்லை, கதவு சாத்திக் கிடக்கிறது. அப்படியானால் நானே திறந்து போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். போனமுறை கிணற்றுக் கட்டில் வைத்து மறந்தவள்தானே நான்!

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்தியை எடுத்துவிடுவார்.

கத்தியைத் தூர வைத்தால் இரும்பைக் கைவிட்டவள் ஆவேன். பக்கத்தில் வைத்தால் பிள்ளையின் காலடியில் திறந்த அலகு. எதைச் செய்தாலும் பிள்ளைக்கு ஒன்று ஆனால் அது என்னால்தான். பகலில் தூங்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். ஆனால் பிள்ளை பெற்ற உடம்பு யார் சொல்லைக் கேட்கும்? தறி ஓய்ந்ததும் கண் மூடிவிடும்.

பதினைந்தாம் நாள் மறுபடியும் நடந்தது. இந்தமுறை கத்தி தலைமாட்டில் கிடந்தது. முழுதாகத் திறக்கவில்லை. பாதி திறந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அன்று பகல் சோறு போடும்போது ராத்தாவின் வலது கையைப் பார்த்தேன். பெருவிரல் நகம் பிய்ந்து இரத்தம் கட்டியிருந்தது.

“என்ன ராத்தா விரல்ல?”

“தேங்கா துருவக்க பட்டிச்சு.”

தேங்காய் துருவினால் நகம் அப்படிப் பிய்யாது. இடக்கைக்கு வெட்டிய குழியில் வலக்கை நகத்தை வைத்து, இறுக்கமான வில்லை இழுத்தால் பிய்யும். சோற்றைத் தள்ளி வைத்தேன். பிள்ளையில்லாத ஒருத்தியைப் பற்றி ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் நானும் ஒரு நிமிடம் நினைத்தேன். என்னை மடியில் போட்டு வளர்த்தவரைப் பற்றி நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா இல்லை.

பதினேழாம் நாள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். இமைக்குக் கீழால் வாசல் தெரிந்தது. தறிகள் ஓயத் தொடங்கின. பக்கத்து வளவுத் தறி நின்றது. அதற்கு அப்பால் ஒன்று நின்றது. கடைசித் தறியும் நின்றது. வெளியே வட்டில்லாத தென்னையின் நிழல் வாசற்படியில் குறுகிக் கிடந்தது. தகரம் ஒருமுறை ‘டக்’ என்றது.

ராத்தா உள்ளே வந்தார். பூனைபோல் வந்து, தலையணைக்குக் கீழே கையை விட்டுக் கத்தியை எடுத்தார். குந்தியிருந்து நகத்தை வைத்து இழுத்தார். வலியில் உதட்டைக் கடித்தார். அலகு பாதி வந்து நின்றது.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“ராத்தா.”

கத்தி அவர் கையிலேயே இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

“என்ன செய்றீங்க?”

“சத்தம் போடாத புள்ள. புள்ள எழும்பிருவான்.” அவர் அலகைத் தொட்டுக் காட்டினார். “மடிச்சு வெச்சா இரும்பு எலும்புக்குள்ள போயிருதே. எலும்புக்குள்ள ஒளிச்சி வெச்ச இரும்பு அதுகள்ட கண்ணுக்கு எப்பிடித் தெரியும்? திறந்து வெச்சாத்தானே இரும்பு இரிக்கி எண்டு தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“என்னட்டச் சொல்லிருக்கலாம்தானே?”

“சொன்னா நீ டீச்சர்ர கதை கதைப்பாய்.”

“அதுக்காக மூணு தரம் பச்சப் புள்ளைக்குப் பக்கத்துல கத்தியத் திறந்து வைக்கிறதா?”

“மூணு இல்ல. ரெண்டு தரம். முந்தநாளும் இண்டைக்கும்.”

“வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை நான் எங்க இஞ்ச இருந்த? விடியவே நிந்தவூர் மௌத்து வீட்டுக்கு பஸ் ஏறினதானே. பின்நேரம் அசறுக்குத்தானே வந்த.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்று எனக்குச் சோறு போட்டது அவர்தான், என் வீட்டுக்காரர். குழைந்துபோன சோறு. ராத்தா வீட்டிலேயே இல்லை.

“வெள்ளிக்கிழமை முழுசாத் திறந்து கிடந்திச்சு” என்றேன். “புள்ளைட காலடியில. வாசலப் பாத்துக்கிட்டு.”

இருவரும் கத்தியைப் பார்த்தோம். பாதி திறந்த அலகு ராத்தாவின் கையில் இருந்தது. அவரால் அதற்குமேல் திறக்க முடியாது, முழுதாகத் திறக்க ஓர் இடக்கை வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

கீழே வைப்பது

ராத்தா அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்க.

“கத்தியத் திறந்தது எதுவோ, அது என்னத்தான் பாக்க வந்திரிக்கி. நான் செஞ்சது அதுக்குத் தெரியும்.”

“என்ன ராத்தா செஞ்சீங்க?”

“அண்டைக்கு நீ பாக்குவெட்டியக் கிணத்துக் கட்டுல வைக்கல்ல புள்ள. நான்தான் எடுத்த. புள்ளயப் பாக்க வந்தவங்களுக்கு வெத்திலை குடுக்க, பாக்கு வெட்ட எண்டு உன்ட தலைமாட்டால எடுத்த. திருப்பி வைக்க மறந்திட்டன். புள்ளைக்குக் காய்ச்சல் ஏறின உடனே பயந்திட்டன். கிணத்தடிக்குக் கொண்டு போய் வெச்சிட்டு, கிடந்திச்சு எண்டு கொண்டாந்தன்.”

தறிகள் இன்னும் தொடங்கவில்லை. பாங்கும் சொல்லவில்லை.

பாசி படிந்த அந்தக் கல்லை நினைத்தேன். வாளிக்குப் பக்கத்தில் பாக்குவெட்டியை வைக்கிற என் இடது கையை நினைத்தேன். இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடக்காத ஒன்று. ஒரு பொய்க்கு என் மனமே கையும் கல்லும் வாளியும் கொடுத்து வளர்த்திருக்கிறது. அன்றிலிருந்து என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. இந்தத் தொடரை வாசிப்பவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், பொல்லாத கோபம் வந்தது. எத்தனை நாள் அந்தக் கிணற்றடியில் நின்று அழுதிருப்பேன்! அதைப் பார்த்துக்கொண்டே இவர் தண்ணீர் அள்ளியிருக்கிறார். என் முதுகைத் தடவியிருக்கிறார். பாக்குவெட்டி தலைமாட்டில் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்குமா? இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் இரண்டு வருடம் சுமந்ததை அவரும் இரண்டு வருடம் சுமந்திருக்கிறார், அதுவும் உண்மை என்று நம்பிக்கொண்டு.

ராத்தா கத்தியை என் பக்கம் நீட்டினார்.

“இந்தா. நான் நிந்தவூர்ச் சொந்தக்காரங்கள்ட்டப் போயிர்ரன். இனி இந்த ஊட்டுல எனக்கு முகமில்ல.”

கத்தி என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. பிய்ந்த நகத்திலிருந்து மறுபடி இரத்தம் கசிந்தது.

“கையில தராதீங்க ராத்தா” என்றேன். “கீழ வைங்க.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் கத்தியை மெதுவாகப் பாயில் வைத்தார். கையை எடுத்தார். நான் எடுத்துக்கொண்டேன். இடது கை நகத்தால் மிச்சப் பாதியையும் இழுத்தேன். ‘டக்’ என்றது. வெள்ளிக்கிழமை என்னை எழுப்பியது தகரத்தின் சத்தமல்ல, இதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. கத்தியைப் பிள்ளையின் காலடிக்குத் தள்ளி, எட்டாத தூரத்தில், அலகு வாசலைப் பார்க்க வைத்தேன். அதற்குப் பிறகு நாற்பதாம் நாள்வரை அது அப்படியே இருந்தது. ராத்தா ஒவ்வொரு உருமத்திலும் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நாற்பத்தோராம் நாள் காலையில் பூட்டுக் காக்காவிடம் போனோம். மகன் ராத்தாவின் தோளில் தூங்கிக்கொண்டு வந்தான். கத்தியைப் பெட்டியின் மேல் வைத்தேன்.

“ஆரும் வந்தாங்களா காக்கா?”

“இல்ல.”

அவர் கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தார். வலக்கைக்காரர், சிரமப்பட்டுத்தான் திறந்தார். பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றினார்.

“வில்லு அப்பிடியே இரிக்கி. தானாத் திறக்கிற சாமான் இல்ல இது.”

நானும் ராத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டப்பாவின் மூடியை அவர் அழுத்தி மூடும்போது ராத்தா பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“அவ வந்தா சொல்லுங்க காக்கா” என்றார். “புள்ள சுகமா இரிக்கான் எண்டு.”